சாவி இருந்த இடத்தில் வாத்து

மார்ச் 5

லிப்ட்காரருக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கவனிக்காவிட்டால் இன்னொரு தடவை மேலே பாருங்கள்.

போனை எடுக்கவில்லை என்று எத்தனை மெசேஜ் போட்டாலும் எடுக்க மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். அதனால் இந்தப் பயிற்சி முடியும்வரை கடிதம் மட்டும்தான். உங்கள் கையெழுத்தைப் படிப்பது எனக்கும் தண்டனைதான், பரவாயில்லை.

இங்கே ஒரு அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறோம். பல் செட் செய்யும் புது மெஷினைக் கற்றுத்தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். இன்றுவரை அந்த மெஷின் மேல் போட்ட உறையைக்கூட எடுக்கவில்லை. பழையபடி மெழுகை உருக்கி, அச்சில் ஊற்றி, யார் யாருடைய ஈறுகளையோ செய்துகொண்டிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டில்காரி நேற்று என் கட்டில் கம்பியில் தொங்கும் சாவியைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டாள். ஆமாம், சாவி என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் ஆணியில் மாட்டி வைத்ததைக் கிளம்பும்போது நான்தான் எடுத்துக்கொண்டேன். வீடு முழுக்கத் தேடியிருந்தால் சந்தோஷம்.

அவளுக்கு ஜியோகேச்சிங் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை வெளியில் எங்காவது ஒளித்து வைப்பார், அந்த இடம் ஆப்பில் இருக்கும், போனில் முள் காட்டும் பக்கமாகப் போய்த் தேட வேண்டும், கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பேர் எழுத வேண்டும், உள்ளே பொம்மை கிம்மை இருந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றை வைக்கலாம் என்றேன். "இதுக்கா அக்கா புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டீங்க?" என்றாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குறட்டை விடும் உங்களை நாலு எட்டு நடக்க வைக்கலாமே என்று நான்தான் இதை ஆரம்பித்தேன். முதல் வாரமே பூங்கா பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு யாரோ ஒட்டிய சூயிங்கத்தைப் பிடித்தீர்கள். அடுத்த வாரம் பாலத்தடியில் ஒரு காவலாளி வந்து, "என்னத்தத் தொலைச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, பாவம், அவரும் நம்மோடு சேர்ந்து தேடினார். என்ன தேடுகிறோம் என்று கடைசிவரை அவரிடம் நாம் சொல்லவே இல்லை.

இந்த வாரச் சந்து விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பில் "இரும்பு, குனிந்து பார்" என்று குறிப்பு இருந்தது. முள் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒரு கதவுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் கையை விட்டு, காந்தம் ஒட்டிய கறுப்பு டப்பாவை எடுத்தீர்கள். குதித்தீர்கள். நானும் குதித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. உள்ளே ஒரே ஒரு சாவி. "தாள் இல்லியே, பேரை எதுல எழுதறது?" என்று கேட்டேன். "மழையில நனைஞ்சி போயிருக்கும். ஆப்ல போட்டா போதும்" என்றீர்கள். ரெண்டு பேர் பேரையும் போட்டு "கண்டுபிடித்தோம்" என்று அழுத்தினோம். சாவியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் கைப்பையிலிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் வாத்தை வைத்தேன். யார் திறந்தாலும் முதலில் அதன் முகம்தான் தெரிய வேண்டும் என்று திருப்பித் திருப்பி வைத்தேன்.

திரும்பி வரும் வழியில், "இருந்தாலும் தாள் இல்லாம எப்படிங்க?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அதற்கு நடுத்தெருவில், "எதுலயும் ஒரு நொட்டை சொல்லாம உன்னால இருக்கவே முடியாதா?" என்று கத்தினீர்கள். ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதவும். ஃபிரிட்ஜில் இருக்கும் தக்காளி அழுகுவதற்குள் சமைக்கவும்.

பல்லழகி


மார்ச் 9

பல்லழகிக்கு,

கத்தியது தப்புதான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் படித்தபிறகு நீ இதைப் பார்க்கக்கூட மாட்டாய்.

சனிக்கிழமை டப்பாவை ஒளித்து வைத்தவரிடமிருந்து ஆப்பில் ஒரு செய்தி வந்தது. "கண்டுபிடித்ததாகப் போட்டிருக்கிறீர்கள். நான் போய்ப் பார்த்தேன். தாளில் உங்கள் பேர் இல்லையே. எங்கே கண்டுபிடித்தீர்கள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. இவர் யார் என்னைப் பொய்யன் என்பதற்கு என்று நேற்றுக் காலை சந்துக்குப் போனேன். அங்கே தெருவிளக்குக் கம்பத்தின் அடியில் ஒரு இரும்பு மூடி இருக்கிறது. குனிந்து தூக்கினால் வந்துவிட்டது. உள்ளே ஒரு சின்னக் குப்பி, அதில் சுருட்டிய தாள், தாள் நிறையப் பேர்கள்.

நாம் எடுத்தது அது இல்லை.

எதிரே அந்த வாசலைப் பார்த்தேன். கதவு இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது. குழாய்க்குப் பின்னால் டப்பாவைக் காணோம். பக்கத்துச் சலவைக் கடையில் ஒரு அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "இந்த வீட்டுல என்னாச்சு?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அத ஏன் கேக்கறீங்க. அவர் பஸ் ஓட்டிட்டு இருந்தவர். விபத்துல முதுகு ஒடிஞ்சி படுத்த படுக்கை. சம்சாரம் பேக்கரியில வேலை, விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடும். அப்புறம் பாத்துக்க ஒரு அம்மா வரும். அதுக்குன்னு இன்னொரு சாவி எப்பவும் இந்தக் குழாய் பின்னாடி டப்பாவுல இருக்கும், அந்தம்மா எடுத்துத் திறந்துக்கும். போன திங்கக்கிழமை சாவி இல்லியாம். அந்தம்மா பேசாமத் திரும்பிப் போயிடுச்சி. இவர் எழுந்திரிக்கப் பாத்து கட்டில்லருந்து விழுந்துட்டார். பொழுது சாய பேக்கரியிலருந்து சம்சாரம் வர்ற வரைக்கும் வெறும் தரையில கிடந்திருக்கார். தண்ணி இல்ல, மருந்து இல்ல. தூக்க வந்தவங்க ஸ்ட்ரெச்சர் நுழையலன்னு கதவையே பேத்துட்டாங்க. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கார், நெஞ்சுல சளி கட்டிடுச்சாம்."

பக்கத்தில் மடித்து வைத்திருந்த யாருடைய துணி மேலேயோ கையை ஊன்றிக்கொண்டேன்.

"அந்தம்மா என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"டப்பாவுல சாவிக்குப் பதிலா ஏதோ பொம்ம வாத்து இருந்துச்சாம். யார்கிட்ட கத விடறா? அப்படியே சாவி இல்லன்னாலும் ஒரு பெல் அடிக்கலாம்ல, ஒரு போன் பண்ணலாம்ல? சாவிய இவளே தொலைச்சிட்டு நாடகம் ஆடறா. வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, போலீஸ்ல எழுதியும் குடுத்துட்டாங்க."

"பாவம்" என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை. வீட்டுக்கு வந்து உனக்கு மூன்று தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இதை வாயால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

நீ அன்றைக்கே கேட்டாய். தாள் இல்லையே என்று கேட்டாய்.

சாவி பத்திரம். என்ன செய்யலாம் என்று உடனே எழுது.

நான்


மார்ச் 11

பல்லழகிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. இன்றைக்கு மறுபடி அந்தச் சந்துக்குப் போனேன். அவரைப் பார்த்துக்கொள்ள வந்த அந்த அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். வாத்து என்று சொன்னதும் அங்கே எல்லாரும் சிரித்தார்களாம்.

யோசித்துப் பார்த்தேன். நீயும் யோசி. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்ட் மெஷின் ரூம் சாவி என் பையில் இருக்கிறது. யாரைக் கேட்டும் நான் உள்ளே போவதில்லை. என்னை நம்பித்தானே கொடுத்திருக்கிறார்கள்? நானே ஒரு வீட்டின் சாவியை எடுத்தேன் என்று தெரிந்தால் அப்புறம் எவன் என்னை வாசலில் சேர்ப்பான்? விளையாட்டு என்று சொன்னால் போலீஸ் நம்புமா? வாத்துக்கே சிரித்தவர்கள்.

நம்மை யாரும் பார்க்கவில்லை. ஆப்பில் போட்டதை அழித்துவிடலாம். ஒளித்து வைத்தவரிடம் "தவறுதலாக அழுத்திவிட்டோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சாவியை எங்காவது போட்டுவிடு. ஊருக்கு வெளியே போகும்போது ஏதாவது தண்ணீரில் போடு. இனி அதற்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன லாபம்?

அந்த அம்மாவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்காமலா போய்விடும்?

ஆஸ்பத்திரியில் இருப்பவர் பிழைத்துவிடுவார் என்றுதான் சொல்கிறார்கள். பிழைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

நான்


மார்ச் 13

உங்களுக்கு,

ரெண்டு கடிதமும் ஒரே நேரத்தில் வந்தன. எது முன்னால் எழுதியது என்று பார்க்காமல் ரெண்டாவதை முதலில் பிரித்துவிட்டேன். எந்த அம்மா, எந்த போலீஸ், எதற்குச் சாவியைத் தண்ணீரில் போட வேண்டும் என்று ஒன்றும் புரியவில்லை. நீங்கள் யாரையோ கொன்றுவிட்டீர்கள் என்று நினைத்தேன். பிறகு முதல் கடிதத்தைப் படித்தேன். நினைத்தது ரொம்பத் தப்பில்லை. என்ன, "நீங்கள்" இல்லை, "நாம்".

பிடித்து வைத்திருந்த அச்சு கையிலிருந்து நழுவி உடைந்தது. மேற்பார்வையாளர் திட்டினார். எனக்குக் காது கேட்டது, ஆனால் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அந்தச் சாவியைப் பத்து நாளாக என் தலைமாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன். ஜெயித்த பரிசு மாதிரி எல்லாரிடமும் காட்டியிருக்கிறேன்.

"அந்த அம்மாவுக்கு வேறு வேலை கிடைக்காமலா போய்விடும்?" இந்த வரியை எழுதியது என் வீட்டுக்காரரா? கையெழுத்து உங்களுடையதுதான். வேறு எதுவும் உங்களுடையதாக இல்லை. எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

நமக்குக் கல்யாணமான புதிதில் ஒரு லிப்ட் நடுவில் நின்றுபோனது. உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டு அலறினாள். உதிரி பாகம் வர நேரமாகும், நீ வீட்டுக்குப் போ என்று உங்கள் முதலாளி சொன்னார். நீங்கள் போகவில்லை. மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, அது திறக்கும்வரை அவளிடம் என்னத்தையோ பேசிக்கொண்டே இருந்தீர்கள். "உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய ஒருத்தர் இருக்காங்கன்னு தெரியணும், அவ்ளோதான்" என்று என்னிடம் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு உங்களை நிஜமாகவே பிடித்தது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் பிடித்தது என்று இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அந்த மனுஷன் எங்கே போய்விட்டார்?

சாவியை இதோடு அனுப்புகிறேன். உறையைக் கிழித்துக்கொண்டு விழுந்துவிடாமல் இருக்க பல் செட் மெழுகில் வைத்து அழுத்தியிருக்கிறேன். பிய்த்து எடுங்கள். கிடைத்த அன்றே அந்தப் பேக்கரி அம்மாவிடம் போங்கள். பிறகு ஸ்டேஷனுக்குப் போங்கள். உங்களுக்கு வேலை போனால் போகட்டும், நான் பல் செய்து போடுகிறேன். போன் பண்ணாதீர்கள், இந்த அறையில் ஆறு பேருக்கு நடுவில் நான் அலறிவிடுவேன்.

நான் வரவா என்று கேட்க மாட்டேன். நீங்கள் போகவில்லை என்று தெரிந்தால் அப்புறம் நான் எங்கேயும் வருவதற்கில்லை.


மார்ச் 18

பல்லழகிக்கு,

போனேன்.

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. அன்றே போயிருக்க வேண்டும். ஒரு கட்டடத்தில் கேபிள் மாற்றும் வேலை இருந்தது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். அந்த வேலையை வேறு யாரும் செய்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலையில் மெழுகோடு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சந்துக்குப் போனேன். வாசலில் நாற்காலிகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவு இல்லாத வாசலில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

அவர் அன்று விடியற்காலை போய்விட்டார்.

திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சலவைக் கடை அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "நீங்களும் தெரிஞ்சவர்தானா? உள்ள போங்க" என்றார். உள்ளே போனேன். பேக்கரி அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டில் காலியாக இருந்தது. நான் சாவியை எடுத்து நீட்டினேன். மெழுகில் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் புரியவில்லை. பிறகு சாவியைத் திருப்பிப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"எங்க கிடைச்சது?"

"நான் எடுத்தேம்மா. அந்த டப்பாவுலருந்து."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு வழி நெடுக என்னென்னவோ பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். "விளையாட்டுக்கு" என்றேன்.

அவர் கத்தவில்லை. "விளையாட்டுக்கு" என்று திருப்பிச் சொன்னார். பக்கத்தில் இருந்தவரிடம், "விளையாட்டுக்காம்" என்றார். அடித்திருந்தால் தேவலை.

ஆப்பைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். வாத்தையும் நானே வைத்தேன் என்று சொன்னேன். உன் பேரை எடுக்கவில்லை. நீ அதில் வர வேண்டாம்.

அவர் ஆள் அனுப்பி, வேலையை விட்டுத் தூக்கிய அந்த அம்மாவைக் கூப்பிட்டார். கதவைப் பேர்த்த அன்றிலிருந்து அந்த வாசலை மிதிக்காதவர். கனத்த உடம்பு, கால் ரெண்டும் வளைந்தவர், ஒரு பக்கம் சாய்ந்து, அப்புறம் இன்னொரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறைத்தது. என்ன என்று தெரியவில்லை. அவர் வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வேலை போனதைப் பற்றி இல்லை, போலீஸைப் பற்றியும் இல்லை.

"அந்த வாத்து உங்களோடதா? அவர் வெக்கச் சொல்லலியா?"

"இல்லம்மா. அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான் நடக்கறதப் பாத்துட்டு என்னை வாத்தம்மான்னுதான் கூப்பிடுவார்" என்றார். "நானும் சிரிப்பேன். அன்னிக்கு டப்பாவத் திறந்தா சாவி இல்ல, வாத்து என்னையே பாக்குது. முந்தின நாள் லேட்டா வந்ததுக்கு வீட்டுக்காரம்மா திட்டியிருந்தாங்க. சரி, இனிமே வராதன்னு சொல்றதுக்குத்தான் இதுன்னு நெனச்சேன். அந்த நேரம் பாத்து உள்ளருந்து அவர், 'வாத்தம்மா! வாத்தம்மா!'ன்னு கூப்பிடறார். எனக்கு அப்படியே உடம்பு கூசிப்போச்சு. இத்தன நாளும் எல்லாரும் சேந்து என்னைப் பாத்து நெஜமாவே சிரிச்சிட்டு இருந்திருக்காங்கன்னு நெனச்சிட்டேன். போனை அணைச்சிட்டுப் போயிட்டேன். கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தார். கேட்டுச்சு. திரும்பிப் பாக்கல."

ஏன் பெல் அடிக்கவில்லை, ஏன் போன் பண்ணவில்லை என்று சலவைக் கடை அம்மா கேட்டதற்குப் பதில் இதுதான். உள்ளே இருந்தவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டேதான் எழப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டும் அவள் வராததால்தான் விழுந்திருக்கிறார்.

பேக்கரி அம்மா அப்போதுதான் சொன்னார்: "ஆஸ்பத்திரியில தினமும் கேட்டார். வாத்தம்மா வந்தாளா, வாத்தம்மா வந்தாளான்னு. உன்னால வந்ததுதான் எல்லாம்னு நான்தான் உன்னை உள்ள விடல." பிறகு ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அங்கே நின்றுகொண்டிருப்பதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள், பல்லழகி. திங்கட்கிழமை நான் போயிருந்தால் அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். அவர் கண்ணால் பார்த்திருப்பார்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா பேரில் இனி ஒன்றும் இல்லை என்றார்கள். என்னை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். கம்பெனியில் சொன்னேன். சாவிப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான்


மார்ச் 20

அன்புள்ள உங்களுக்கு,

படித்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் படித்தேன். பக்கத்துக் கட்டில்காரி என்ன ஆச்சு என்று கேட்டாள். சாவியைக் கொடுத்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் போனீர்கள். ஒரு நாள் கழித்துப் போனீர்கள். ரெண்டும் நம்மோடு இருக்கும், ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது. அந்த ஒரு நாளுக்காக உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் பத்து நாள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள்.

ஆனால் ஒரு விஷயத்தில் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்காகத்தான் என்று தெரியும். அதற்காகத்தான் மேலே "அன்புள்ள" என்று எழுதியிருக்கிறேன். இருந்தாலும் அது பொய். சாவியை எடுத்தது நீங்கள், வாத்தை வைத்தது நான். சாவி மட்டும் காணாமல் போயிருந்தால் அந்த அம்மா பேக்கரிக்குப் போன் பண்ணியிருப்பார். உள்ளே இருந்தவர் விழுந்திருக்க மாட்டார். அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியது வாத்து. அதுவும் சும்மா கிடந்த வாத்து இல்லை. திறக்கிறவர்களை நேராகப் பார்க்கட்டும் என்று முகத்தைத் திருப்பித் திருப்பி நான் வைத்த வாத்து. அந்த அம்மா சொன்னார் அல்லவா, "வாத்து என்னையே பாக்குது" என்று?

ஆப்பில் ரெண்டு பேர் பேரும்தான் இருக்கிறது. அதை அழிக்காதீர்கள். "கண்டுபிடிக்கவில்லை" என்று மாற்றுங்கள், பேர்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

மெஷின் உறையைப் பிரிக்கும்வரை நான் இங்கே இருக்கப் போவதில்லை. சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். பையை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

முதலில் அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும். அந்த வாத்து யாருடையது என்று அவர் மறுபடியும் கேட்கட்டும். இந்தத் தடவை நான் பதில் சொல்கிறேன்.

பல்லழகி